சங்கு வீட்டுக்கு வந்த துரைசாணி

ராயபுரத்தில் அந்த நாளில் சங்கு இரண்டு. ஒன்று ஆலைச் சங்கு. அது வேளைக்கு ஊதும். இன்னொன்று எங்கள் ஒண்டிக்குடித்தன வீட்டில் எனக்கு எதிர் அறையில் இருந்த மனிதர். அவருக்கு வேளை கிடையாது. அவரைவிட உரத்த குரல் படைத்தவர் பூமியில் இருந்ததில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். துறைமுகத்தில் கப்பலின் அடிவயிற்றில் நின்றுகொண்டு, மேலே இருக்கும் கிரேன்காரருக்குத் “தூக்கு”, “எறக்கு” என்று கத்துவது அவர் வேலை. அதே குரலில்தான் வீட்டில் ரசம் கேட்பார். காசிமேட்டிலிருந்து எந்தப் புண்ணியவதியாவது ரசத்தோடு வந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கும். மாதா கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் என்னவென்று அவர் மனைவி செசிலிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் மாலை சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். காலருக்கு மேலே வெள்ளையாக ஒரு தலை. குட்டியல்ல, நாலைந்து வயதான முழுப் பூனை. ரங்கூன் போகிற கப்பலில் வளர்ந்தது. புதிதாக வந்த கேப்டனுக்குப் பூனை ஆகாது என்று, கப்பல் சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரிடம் கொடுத்திருக்கிறார்.

“தாயி, இதான் இனிமே உன் வூடு” என்று சங்கு அன்போடு வரவேற்றார். கூரை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. பூனை ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கு அடியில் புகுந்து, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் வெளியே வரவில்லை. செசிலி வைத்த நெத்திலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பெரிய துரைசாணி” என்றாள் அவள். அதுவே பெயராகிவிட்டது. சங்கு தரையில் குப்புறப் படுத்து, “வாம்மா, வாம்மா” என்று கெஞ்சினார். ஒவ்வொரு வாம்மாவுக்கும் துரைசாணி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தாள்.

“நீ கூப்ட்டா நானே கட்டிலுக்கு அடியில பூந்துக்குவேன்” என்றாள் செசிலி. “துண்ணாம கெடந்து செத்துப் பூடும்யா. ஹார்பர்லயே வுட்டுட்டு வந்துரு.”

சங்கின் முகம் வாடி அன்றுதான் பார்த்தேன். நேரே என் அறைக்கு வந்தார். “சார், நீங்க படிச்சவரு. இன்னா பண்லாம்?”

நான் ஒரு குமாஸ்தா. பூனையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கும்பகோணத்திலிருந்து முதன்முதலில் ராயபுரத்துக்கு வந்தபோது நான் எப்படி இருந்தேன் என்பது நன்றாகத் தெரியும். அதைச் சொன்னேன். “நாலு நாள் அறையை விட்டு வெளியே வரலை. யாரும் கூப்பிடாம இருந்தா தேவலைன்னு இருந்தது. சாப்பாட்டை வெச்சுட்டு எல்லாரும் தள்ளிப் போயிட்டா நல்லாயிருக்கும்னு நினைச்சேன்.”

“வச்சாங்களா சார்?”

“இல்லை.”

“அய்ய, பாவம்” என்று மனமார வருந்தினார். அடுத்த தெருவில் ஒரு நாய் குரைத்தது.

அன்றோடு சங்கு ஊதுவதை நிறுத்தினார். முதலில் கிசுகிசுத்துப் பார்த்தார். பழக்கமில்லாததால் பாய்லரில் ஆவி கசிகிற மாதிரி இருந்தது. பிறகு கிரேன்காரருக்குக் காட்டும் கைஜாடைக்கு மாறினார். கட்டைவிரல் மேலே போனால் இன்னும் சோறு. உள்ளங்கை கீழே தாழ்ந்தால் போதும். இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினால் கதவைச் சாத்து. கப்பல் கிளம்புவதற்குள் ஓடிப்போய்ச் சமையல்காரரின் பழைய துண்டை வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் விரித்தார். தட்டில் மீனை வைத்துவிட்டு நுனிக்காலில் வெளியேறினார். மறுநாள் காலையில் தட்டு காலி. பந்தயத்தில் கோப்பை ஜெயித்தவர் மாதிரி அந்தத் தட்டை எல்லாக் குடித்தனங்களுக்கும் கொண்டுபோய்க் காட்டினார், வாய் திறக்காமல்.

தெருவுக்கு இதெல்லாம் தெரியுமா? சங்கின் சத்தம் இல்லையென்றால் ஆள் சாகக் கிடக்கிறார் என்றுதானே அர்த்தம். யாரோ போய்ச் சொல்ல, ஐந்தாம் நாள் மாதா கோயில் சாமியார், சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் அவஸ்தைபூசுதலுக்கான எண்ணெயோடு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தால் நோயாளி குண்டுக்கல் மாதிரி நின்றுகொண்டு, சத்தம் போடாமல் உட்காரும்படி கையைக் காட்டுகிறார். சாமியார் திகைத்துப்போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து துரைசாணி வந்தாள். அங்கியை முகர்ந்தாள். சாமியார் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டாள்.

“அஞ்சு நாளா தவம் கெடக்குறவன் நானு சாமி” என்று சங்கு ஆவிக் குரலில் முறையிட்டார்.

“பொறுமையா இரு. உன்கிட்டயும் வரும்” என்றார் சாமியார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும். “நான் எழுந்திருக்கலாமா?”

“கூடாது சாமி.”

இன்னும் பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை, ஏழு மணிக்குக் கிளம்பவேண்டிய சங்கு கிளம்பவில்லை. புயல் மழையிலும் வேலைக்குப் போனவர். எட்டிப் பார்த்தேன். தரையில் மல்லாந்து கிடந்தார். அவர் வயிற்றின்மேல் துரைசாணி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செசிலி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் விசிறிக்கொண்டிருந்தாள்.

“எப்டி சார் எந்திரிக்கிறது?” என்று அவர் உதடு மட்டும் அசைந்தது. “ஹார்பர்ல கொஞ்சம் சொல்லிடுங்க.”

போய்ச் சொன்னேன். வீட்டில் பெண் தூங்குகிறாள், அதனால் இன்று சங்கு வரமாட்டார் என்றேன். அவருக்குக் குழந்தை இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர்கூட மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.