பிரிவு நான்கின்படி படுக்கவும்

உயிரே போனாலும் பகலில் தூங்குவதில்லை என்று சேஷாத்ரி முடிவு கட்டியது, மாற்றலாகிக் கல்கத்தா வந்த முதல் வாரத்தில். மதியம் இரண்டு மணிக்கு ஒரு பேனா வாங்க பவானிபூர் முழுக்க அலைந்தார். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. கடைக்காரர்கள் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். "இந்த ஊர் உருப்படுமா?" என்று அன்றைக்குக் கேட்டவர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெறுகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பிரிவில் மதியம் யாராவது கொட்டாவி விட்டால்கூட விளக்கம் கேட்டு மெமோ போகும்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன வருஷம் ஒரு வியாதி வந்தது. மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். நரம்பு அனுப்புகிற உத்தரவு தசைக்குப் போய்ச் சேராமல் உடம்பின் சொந்தக் காவல்படையே நடுவில் நின்று மறித்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். "அதாவது, ஃபைல் நகரல" என்று சேஷாத்ரி புரிந்துகொண்டார். காலையில் புலி மாதிரி இருப்பார். சாயங்காலம் ஆனால் இடது கண் இமை கடை ஷட்டர் மாதிரி பாதி இறங்கிவிடும். பேசப் பேசக் குரல் மூக்கு வழியாகப் போய்க் கரைந்துவிடும்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மாத்திரை எழுதினார். நேரம் தவறக் கூடாது என்றார். பிறகு போகிற போக்கில், "மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்குங்கள், சாயங்காலத்துக்குப் பலம் மிச்சமாகும்" என்றார்.

சேஷாத்ரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வேற ஏதாவது சொல்லுங்கோ. ஆபரேஷன்னாகூடப் பண்ணிக்கறேன்."

சாயங்காலப் பலம் அவருக்கு வேண்டியிருந்தது என்பது என்னவோ உண்மை. அவர்கள் குடியிருப்பில் துர்கா பூஜை சப்தமி அன்று மாலை க்விஸ் நடக்கும். முப்பது கேள்வி, இரண்டு மணி நேரம்; மறுநாள் அஷ்டமியில் இறுதிச் சுற்று. இருபது வருஷமாக மைக் சேஷாத்ரி கையில். போன வருஷம் பதினெட்டாவது கேள்வியோடு குரல் கைவிட்டது. இரண்டாவது மாடி சீதாராமன், ரொம்ப நாளாக இதற்கே காத்திருந்தவர் போல ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, மிச்சம் பன்னிரண்டு கேள்விகளையும் தப்புத் தப்பாகப் படித்தார். இந்த வருஷமும் அப்படி நடந்தால் மைக் நிரந்தரமாக இரண்டாவது மாடிக்கு ஏறிவிடும். அதை நினைத்தால் சேஷாத்ரிக்குச் சோறு இறங்கவில்லை.

தூங்காமலே பலம் வர வழி உண்டா என்று போனைத் தடவினார். போன் ஏழு வழி சொன்னது. மனைவி வத்சலா காபிப்பொடி வாங்க லேக் மார்க்கெட் போயிருந்த நேரம் பார்த்து ஏழு பாட்டில்கள் வந்து இறங்கின. மெக்னீஷியம், வைட்டமின் டி, அஸ்வகந்தா, நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, சிங்கப் படம் போட்ட இன்னொன்று. எல்லாவற்றையும் அலமாரியில் பென்ஷன் ஃபைல்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அன்று மாலையே வத்சலா கண்டுபிடித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவர் தானே அலமாரியைத் துடைத்திருந்தார்.

"ஏன்னா, மருந்துக் கடை வெக்கப் போறேளா?"

"சப்ளிமென்ட்."

"டாக்டர்கிட்ட கேட்டேளா?"

"இதுக்கெல்லாம் டாக்டர் எதுக்கு? எல்லாம் இயற்கை."

"பாம்பு விஷமும் இயற்கைதான்."

ஏழு பாட்டில்களையும் வகுப்புப் புகைப்படத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"மெக்னீஷியத்தைத் தொடவே கூடாதாம். உங்க வியாதிக்கு அது பலவீனத்தை ஜாஸ்தி பண்ணுமாம்."

"சரி, அந்த எதிர்ப்பு சக்திப் பொடி?"

"காவல்காரனே வீட்டுக்காரனை அடிச்சிண்டிருக்கான், அவனுக்குப் பாதாம் பால் வேறயான்னு கேக்கறா."

"டாக்டரா அப்படிக் கேட்டா?"

"அர்த்தம் அதுதான்."

ஆறு பாட்டில்கள் வந்த வழியே திரும்பிப் போயின. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அந்த ஒரு பாட்டில் மட்டும் தப்பியது. அதிலும் வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை.

"ஒண்ணா!" என்று சேஷாத்ரி அலறினார். "இதை வெச்சிண்டு முப்பது கேள்வி எப்படிக் கேக்கறது?"

வத்சலா எழுந்து உள்ளே போனாள். ஜாதவ்பூரில் ஆராய்ச்சி படிக்கிற மகள் மேக்னாவுடன் போனில் ஒரு மணி நேரம் பேசினாள். காபிப்பொடி விலையைப் பற்றி என்று சேஷாத்ரி நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வத்சலா கையில் நாலு காகிதங்களோடு வந்தாள்.

"அந்த வைட்டமின் மாத்திரைக்கு ஏதோ பேப்பர் வந்திருக்கு. ஒரே இங்கிலீஷ். பிரிவு, உட்பிரிவு, இணைப்புன்னு என்னென்னவோ போட்டிருக்கு. நமக்கெதுக்கு? குப்பையில போட்டுடட்டுமா?"

"கொண்டா இங்கே!"

சேஷாத்ரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலே எண் இருந்தது, தேதி இருந்தது, பொருள் இருந்தது. ஓய்வு பெற்றபின் இவ்வளவு நல்ல காகிதத்தை அவர் பார்த்ததில்லை. நான்காவது பிரிவு தமிழில் சொன்னால் இப்படி வரும்: மருந்து ஏழு நாளும் உடம்பில் இறங்கிக்கொண்டே இருப்பதால், உட்கொள்பவர் தினமும் மதிய உணவுக்குப் பின் எழுபத்தைந்து நிமிடங்கள் இருட்டறையில் கிடைமட்டமாக இருத்தல் வேண்டும். (அ) கண்கள் மூடியிருத்தல் அவசியம். (ஆ) இந்நேரத்தில் உணர்வு தற்காலிகமாக விலகினால் பதற வேண்டாம். மருந்து வேலை செய்வதன் அறிகுறி அது.

சேஷாத்ரிக்குச் சந்தேகம் தட்டியது. "இது தூக்கம் மாதிரின்னா இருக்கு?"

"தூக்கம்னு எங்கேயாவது போட்டிருக்கா?"

நாலு பக்கத்தையும் இரண்டு தரம் தேடினார். அந்த வார்த்தையே இல்லை. விதியில் இல்லாததை அவர் சர்வீஸில் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மறுநாள் இரண்டு மணிக்குப் பிரிவு நான்கின்படி படுத்தார். மூன்றாவது நிமிஷம் உணர்வு தற்காலிகமாக விலகியது. விலகிய சத்தம் பக்கத்து ஃப்ளாட் வரை கேட்டது.

அதற்கப்புறம் தினமும் அதேதான். யாராவது வந்து "சார் இருக்காரா?" என்று கேட்டால், "இருக்கார், கிடைமட்டமா இருக்கார்" என்பாள் வத்சலா. மற்றப் பிரிவுகளையும் அவர் விடவில்லை. மென்று தின்கிற ஆகாரத்தை, டாக்டர் எழுதின மாத்திரைக்குப் பிறகு தாடையில் தெம்பு இருக்கும்போதே முடித்துக்கொள்ளவும் என்றது ஐந்தாவது பிரிவு. வெயிலில் அலையாதே என்றது ஆறாவது. மாலை ஐந்து மணிக்கு மேல் மனைவியுடன் வாதம் செய்வதைத் தவிர்க்கவும் என்றது ஏழாவது. அதை எழுதியவன் நல்ல குடும்பஸ்தனாக இருக்க வேண்டும் என்று சேஷாத்ரி மெச்சிக்கொண்டார்.

ஆறு வாரத்தில் இமை நிமிர்ந்தது. சப்தமி வந்தது. பதினெட்டாவது கேள்வியை நெருங்கும்போது முதல் வரிசையில் சீதாராமன் தொண்டை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தயாரானார். சேஷாத்ரியின் குரல் அசையவில்லை. இருபது, இருபத்தைந்து, முப்பது. சீதாராமன் வாயில் மாத்திரைதான் கரைந்தது. மறுநாள் அஷ்டமி மாலை இறுதிச் சுற்றையும் சேஷாத்ரியே நடத்துவார் என்று கமிட்டி அறிவித்தது. கைதட்டல் ஓய்ந்ததும் யாரோ வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்டார்கள், "இந்தக் குரலுக்கு என்ன ரகசியம், தாதா?"

சேஷாத்ரி விடுவாரா? சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மைக்கில், நான்காவது பிரிவை ஏற்ற இறக்கத்தோடு முழுசாக வாசித்தார்.

கீழ்வீட்டு ரஞ்சனாதி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, கையைத் தூக்கினார்.

"தாதா, சோறு சாப்பிட்டுவிட்டுப் படுப்பதுதானே? நாங்கள் இதைப் பாத்-கும் என்போம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடைமட்டமாகத்தான் இருக்கிறோம்."

பந்தலே குலுங்கியது. சீதாராமன் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். சேஷாத்ரி மகளைத் தேடினார். மேக்னா அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். வத்சலா என்றுமில்லாத பக்தியோடு அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேஷாத்ரிக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது.

"யார் எழுதினது இது?"

"மேக்னா டைப் பண்ணினா."

"விஷயம் யாருது?"

"டாக்டரோடது. நான் எதையும் கற்பனை பண்ணலை."

"அவ ஒரு மணி நேரம்னுதானே சொன்னா? இதுல எழுபத்தஞ்சு நிமிஷம் இருக்கே?"

"அந்தப் பதினஞ்சு நான் சேர்த்தது. எனக்கும் கொஞ்சம் நிம்மதி வேண்டாமா?"

"ஏழாவது பிரிவு?"

"அது முழுக்க நான்."

சேஷாத்ரி தொப்பென்று உட்கார்ந்தார். இந்தத் தடவை வியாதி காரணமில்லை. வத்சலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வாயால சொன்னா கேக்க மாட்டேங்கறேள். போன வருஷம் மைக்கைப் பிடிச்சிண்டு குரல் வராம நின்னேளே, என்னால பாக்க முடியலை. வேற என்ன பண்ணச் சொல்றேள்?"

அவருக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "அதெல்லாம் சரி. நாளையிலேர்ந்து பகல்ல படுக்க மாட்டேன். இது உறுதி."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் காபி கலக்கப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அஷ்டமி. மணி இரண்டு. சேஷாத்ரி கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. மாடிப்படியில் சீதாராமன் தொண்டையைக் கனைத்துச் சரி பார்த்துக்கொண்டு இறங்குவது கேட்டது. ஏழு மணிக்கு இறுதிச் சுற்று. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம். அவள் இப்போதைக்கு வர மாட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டில் திருடன் போல நுனிக்காலில் படுக்கையறைக்குப் போனார். ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. அலாரம் மூன்றேகாலுக்கு வைத்திருந்தது. தலையணை மேல் வத்சலாவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்:

"பிரிவு நான்கின்கீழ் படுக்க அனுமதி கோரும் தங்கள் மனு ஏற்கப்பட்டது."