அருவிக்கு முன்னால் மேனேஜர்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். நீ எங்களிடம் விட்டுப்போன பூனை மேனேஜரும் மிக்க சுகம். சனிக்கிழமை அவனை அழைத்துப்போக வரும்போது, அவன் நிறம் கொஞ்சம் கூடியிருப்பதையும், பாதியாக இருந்த இடது காது முழுசாகியிருப்பதையும் கண்டு பதற வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு அவன் சமையலறை ஜன்னல் வழியே வெளியே போனான். மறுநாளும் வரவில்லை. 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டலாமென்று பார்த்தால், என் போனில் அவன் போட்டோ ஒன்றே ஒன்றுதான். அதிலும் பின்னால் தரை துடைக்கிற மாப். அதை மறைக்கத்தான் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற மென்பொருளைத் திறந்தேன். 'எண்ணெய் ஓவியம்' என்று ஒரு ஃபில்டர். அழுத்தினதும் மாப் அருவியாகிவிட்டது! அடுத்ததை அழுத்தினேன், சாம்பல் பூனை தேன் நிறமாச்சு. தூரிகையை லேசாகத் தடவினேன், காதும் முழுசாச்சு. அப்புறம் எங்கே நிறுத்துவது?

"பூனையைத் தேடுறீங்களா, அதுக்கு வரன் தேடுறீங்களா?" என்றாள் உன் அண்ணி.

நாற்பது நோட்டீஸ் ஒட்டினேன். முதல் நாளே பதினோரு பேர் போன் பண்ணினாங்க. ஒன்பது பேர் ஓவியர் யாருன்னு கேட்டாங்க. ஒருத்தர் அந்த அருவிக்கு எந்த பஸ்ஸில் போகணும்னு கேட்டார். இன்னொண்ணு ராங் நம்பர்; அவரும் அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் பேசினார். தையற்கடைக்காரம்மா தெருவிலேயே நிறுத்தி, "சார், உங்க படத்தைப் பார்த்தாலே காணாமப் போன எங்க பூனை ஞாபகம் வருது. கடையில ஃப்ரேம் போட்டு மாட்டிட்டேன். எங்களுதையும் இப்படி வரைஞ்சு குடுங்க"ன்னு கவரில் ஒரு போட்டோ தந்தாங்க. நான் ஓவியன் இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது.

வெள்ளிக்கிழமை பூட்டு ரிப்பேர்க்காரர் ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதானே சார்?" நோட்டீஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் சரி, காது சரி, முழியும் சரி.

"படத்தோட ஒத்துப்போகுது, மேனேஜரோட ஒத்துப்போகுதா?" என்றாள் அண்ணி.

"நாலு நாள் வெயில்ல திரிஞ்சிருக்கான். நிறம் மாறாதா?"

"காது?"

"அதுவும் வெயில்தான்."

'மேனேஜர்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னேயும் அவன் திரும்பிப் பார்த்ததே கிடையாது. ஆகவே அவனேதான்.

நீயும் மாப்பிள்ளையும் பெட்டி தொலையாமல், தும்மல் இருமல் இல்லாமல், சொன்ன நேரத்துக்கு வந்து சேர என் ஆசிகள்.

உன் அன்பு அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன், தையற்கடைக்காரம்மா தந்த போட்டோவை ஓவியமாக்கலாமென்று கவரைப் பிரித்தேன். போட்டோவில் இருந்த பூனை என் மடியில் படுத்திருந்தது. தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கே தையல் மெஷின் பக்கத்தில், துணிக்குவியல் மேலே, சாம்பல் நிறம், பாதிக் காது, நம்ம மேனேஜர்! "ஒரு வாரமா இங்கதான் சார் கெடக்கு. யாரு வீட்டுதோ, தேடி ஒரு நோட்டீஸ்கூட ஒட்டலை பாருங்க" என்றார் அந்த அம்மா. என் நோட்டீஸ் அவர் தலைக்கு மேலே ஃப்ரேமுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மேலே நான் எழுதியதில், மேனேஜர் சுகம் என்பதை மட்டும் வைத்துக்கொள். ஃப்ரேமை மட்டும் அந்த அம்மா தரமாட்டாராம். அதில் இருப்பது அவர் பூனையாம். நான் பார்த்தவரையில் அதுதான் சரி.