கோரைக் காக்காவும் கந்தோர்ப் புற்றரையும்

கல்முனைக் கரையோரத்து ஆடுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி வைத்துக் கேட்டாலும், புல்லைப் பற்றிக் கோரைக் காக்காவுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அவற்றுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் அரசாங்கக் கந்தோரின் தோட்டக்காரர் அவர். மூத்தவர் என்ற மரியாதையில் எல்லோருக்கும் அவர் காக்கா; சொந்தப் பெயர் வரவுப் புத்தகத்தில் இருந்தது. அதை யாரும் வாசித்ததில்லை.

நான் எழுதுவினைஞராகச் சேர்ந்த முதல் நாளே வாசலில் மறித்து, செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டச் சொன்னார். அடியில் குத்தியிருந்த இரண்டு நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில்கூட என் செருப்பை யாரும் பார்த்ததில்லை. காணி விசயமாகச் சவளக்கடையிலிருந்து வரும் விவசாயிகள் பத்திரத்தை மறந்தாலும், செருப்பைத் தட்டிவிட்டு வர மறக்கமாட்டார்கள்.

அவருடைய பரம எதிரி கோரை. பார்வைக்குப் புல்லைப் போலவே இருக்கும். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டையாக இருந்தால் புல், மூன்று மூலை தட்டுப்பட்டால் கோரை. இந்தப் பரீட்சையை எங்கள் எல்லோருக்கும் வைத்தார். பிரதம எழுதுவினைஞர் இரண்டு தடவை தோற்றார்.

கச்சான் காற்று நெருப்பாய் வீசிய ஒரு கோடையில் புதிய மேலதிகாரி வந்தார். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் கந்தோரைப் பார்க்க வரவிருந்தார். வெயிலில் புல் சோர்ந்து கிடக்க, கோரை மட்டும் தலை நிமிர்ந்து நின்றது. மாலையில் தண்ணீர் விட்டு, மண் இளகியதும் காலையில் கிழங்கோடு தோண்ட வேண்டும், மாரி வரைக்கும் அவகாசம் வேண்டும் என்றார் காக்கா. மேலதிகாரி களைநாசினி அடிக்கச் சொன்னார். வயற்காரரைப் போல அதை எண்ணெய் என்பார் காக்கா.

"சேர், எண்ணெய் மேல இரிக்கிற இலையத்தான் கொல்லும். கிழங்கு கீழ நித்திரை. மறுகா அது எழும்பி வரும், புல்லு எழும்பாது."

யாரும் கேட்கவில்லை. எண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள் புற்றரை வைக்கோலானது. மேலதிகாரி பயந்துபோய், வெள்ளைச் சட்டையோடு தானே குழாயைப் பிடித்துக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். பெரியவர் வருவதற்குள் பச்சைப் பசேலென்று முளைத்துவிட்டது. அத்தனையும் கோரை.

வாகனத்திலிருந்து இறங்கிய பெரியவர் அசந்துபோனார். இந்த வறட்சியிலும் இப்படியொரு புற்றரையா, யார் வளர்த்தது என்று காக்காவிடமே கேட்டார். கோரையைப் புல் என்று சொன்ன குற்றத்துக்காகத் தன் சம்பந்தியோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்தவர் காக்கா. மேலதிகாரியின் முகத்தில் இரத்தமே இல்லை. காக்கா அந்த முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"எங்கட சேர்தான். அவர்ர கையாலயே தண்ணி ஊத்தி வளர்த்தது, சேர்."

ஒரு சொல்லும் பொய் இல்லை.

வாகனம் போனதும் மேலதிகாரி காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு காக்காவின் பக்கத்தில் குந்தினார்.

"எங்கயிருந்து தொடங்குற, காக்கா?"

மாரி பிறக்கும் வரை இருவரும் தினமும் காலையில் ஒரு மணி நேரம் தோண்டினார்கள். கிழங்குகள் உரப்பை உரப்பையாகப் போயின.

காக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என் வீட்டு முற்றத்தைச் சோதிக்க வருவார். கோரையைக் கண்டால் தோண்டுவார்; பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகை வரை கதைத்துக்கொண்டிருப்பார். காணாவிட்டால் ஸலாம் சொல்லிவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். அதனால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நாலைந்து கோரைகளுக்கு நானும் மனைவியும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றி வருகிறோம்.