லேபர் வார்டும் சுண்ணாம்பு மேஸ்திரியும்

நல்லவர் செய்யும் கிறுக்குத்தனத்தையும், கிறுக்கர் செய்யும் நன்மையையும் எப்படிப் பிரித்தறிவது? ஒரு வருஷமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இந்தத் தங்க வயல் முழுவதிலும், இல்லாத சுவரைக் காட்டி ஒரு வெள்ளைக்காரத் துரையைச் சுற்றிப் போகவைத்த மனிதர் எங்கள் சுண்ணாம்பு மேஸ்திரி ஒருவர்தான்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர். சாம்பியன் ரீப்ஸ், நந்திதுர்க் என்று எல்லாச் சுரங்கப் பக்கமிருந்தும் நோயாளிகள் வந்து, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடந்த காலம் அது. பழைய ஆஸ்பத்திரியை இடித்துப் பெரிதாகக் கட்டுவதென்று முடிவாயிற்று. முதலில் தகரக் கொட்டகைகள், பிறகு அதே அளவில் கல் கட்டிடம். டாக்டர் துரை இங்கிலீஷில் பிளான் போட்டார். என் கணவர் அதைத் தமிழில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தார்.

அதில் ஒரு லேபர் வார்டு உண்டென்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. நான் அப்போது எட்டு மாதம். மூத்தவன் பிறக்கும்போது வீட்டில் மூன்று நாள் துடித்தேன்; மருத்துவச்சியே கையை விரித்துவிட்டாள். இன்னொரு முறை அப்படி என்றால் பிழைக்கமாட்டேன் என்று மனதுக்குள் தீர்மானமாக இருந்தேன்.

மேஸ்திரிக்குக் காகிதம் பிடிக்காது. "காயிதத்துல கால நீட்டிப் படுக்க முடியுமா?" என்று பிளானை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மைதானத்தில் முழு ஆஸ்பத்திரியையும் உண்மையான அளவிலேயே சுண்ணாம்புக் கோடாகப் போட்டுவிட்டார். போட்ட நிமிஷத்திலிருந்து அவருக்கு அது கோடில்லை, சுவர்.

தண்ணீர்க்காரி ஒருத்தி குடத்தோடு குறுக்கே நடந்தாள்.

"இன்னாம்மா, செவுத்துக்குள்ள பூந்து வர்றே? கதவு அந்தாண்ட கீது, சுத்திகினு வா!"

"செவுரு எங்க மேஸ்திரி கீது?"

"ஒன் கண்ணுக்குத் தெரியலன்னா அது இல்லன்னு ஆயிடுமா? போ, போ!"

கட்டிலுக்கென்று போட்ட கோட்டுக்குள் ஒரு கழுதை படுத்திருந்தது. அதை ஏன் விரட்டவில்லை என்று கேட்டால், "அது வாசல் வயியாத்தான் வந்துச்சு" என்றார்.

ஒரு நாள் டாக்டர் துரையே கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். "தொரே! வால்! வால்!" என்று மேஸ்திரி இங்கிலீஷில் அலறிய அலறலில், தூக்கிய கால் அப்படியே பின்னால் போயிற்று. துரை சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தார்.

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. மறுநாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ரைட்டரம்மா, பாருங்க லேபர் வார்டு! நாப்பது கட்டிலு. தொப்பி மாட்ட ஆணி, வெத்தல துப்பக் குயி. சொரங்கத்துலேர்ந்து ஆளத் தூக்கற கேஜ்லேர்ந்து எறங்குனா நேரா கட்டிலு!"

"பிரசவத்துக்கு எங்கே மேஸ்திரி?"

"பெரசவமா? அது ஊட்டுல நடக்கறதாச்சே! இது லேபருக்கும்மா, சொரங்கத்துல ஒயைக்கிற லேபருக்கு. ரைட்டரே எய்தி குட்துக்கீறாரு."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் கணவரின் முத்தான கையெழுத்தில் 'கூலியாட்கள் வார்டு' என்றிருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் லேபர் என்றால் கூலியாள். அவர்கள் குடியிருப்பு லேபர் லைன். அந்தச் சொல்லுக்குப் பிரசவம் என்றும் பொருளுண்டென்று மிஷன் பள்ளியில் ஓர் அம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

துரையிடம் சொன்னால் என் கணவரின் வேலை போகும். முந்தைய ரைட்டர் ஒரே ஒரு மருந்துச் சீட்டுப் பிழைக்காக அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சொல்லாவிட்டால் பெண்களுக்கு வார்டு இல்லை, எனக்கும் இல்லை. பயந்து பயந்து மேஸ்திரியிடம் மட்டும் சொன்னேன். அவர் பொத்தென்று சுவர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தம் சுவரை மறந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் காலை துரை வந்து, பிரசவ வார்டு எங்கே என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"தொரே, தப்பு எம்மேல. சொரங்கத்துல வெடி வெச்சு வெச்சுக் காது பூட்ச்சு. ரைட்டரு பெரசவ வார்டுன்னு படிச்சுக் காட்னாரு. எனக்குக் கூலி வார்டுன்னு கேட்டுச்சு."

"பிளான் எங்கே?"

"சுண்ணாம்புத் தொட்டியில வுயுந்துட்ச்சு தொரே."

துரை அவரை முறைத்துவிட்டு, கூலியாட்கள் வார்டு இருக்கட்டும், பக்கத்தில் பெண்களுக்கு ஆறு கட்டில் போடு என்றார். மேஸ்திரி கோடு போட்டார். பிறகு ஓரமாக நின்ற என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரம்மா, படுங்க!"

"எங்கே?"

"கட்டில்ல!"

பட்டப்பகலில், துரைக்கு முன்னால், கணவருக்கு முன்னால், மண்வெட்டியோடு நின்ற அத்தனை ஆட்களுக்கும் முன்னால் நான் மண்ணில் படுத்தேன். ஏன் படுத்தேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் சொன்னால் செய்து பழகிய உடம்பு. என் கணவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க தொரே. அம்மா படுத்தாச்சு. கொயந்த எங்க படுக்கும்? செவுத்துக்குள்ளயா?"

துரை, மேஸ்திரி கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை வாங்கி, தாமே குனிந்து கட்டிலை அகலமாக்கினார். பிறகு வார்டையும் நீட்டி, ஆறு கட்டிலைப் பன்னிரண்டாக்கினார். அடுத்த மாதம் அந்தத் தகரக் கொட்டகையில்தான் என் மகள் பிறந்தாள். இந்தத் தடவையும் சுலபமில்லை. ஆனால் டாக்டர் பக்கத்தில் இருந்தார், நானும் இருக்கிறேன்.

மேஸ்திரிதான் மாட்டிக்கொண்டார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, அன்றிலிருந்து செவிடராகவே நடமாடுகிறார். எல்லோரும் அவர் காதருகே கத்துகிறார்கள். "இன்னா? சத்தமா சொல்லுங்க!" என்கிறார். இப்போது கல் கட்டிட வேலை தொடங்கப்போகிறது. மேலே கல் தூக்கும் இடத்தில் காது கேளாதவர் நிற்கக்கூடாது, வேறு மேஸ்திரியை வரவழைக்கிறேன் என்று துரை சொல்லிவிட்டார். அதற்கும் மேஸ்திரி, "இன்னா?" என்றுதான் கேட்டார்.

போன வாரம் மகளுக்கு அம்மை குத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். துரை மூன்று முறை கூப்பிட்டும் மேஸ்திரி அசையவில்லை. என் மடியில் குழந்தை லேசாக முனகினாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்தக் கோடியிலிருந்து அவர் சட்டென்று திரும்பி, "கொயந்தைக்குப் பசிக்குதும்மா" என்றார். நல்லவேளை, துரை கை கழுவிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் என் கணவரின் வேலை போகும். சொல்லாவிட்டால் மேஸ்திரியின் வேலை. "அவரே ஒத்துக்கொண்டார், உனக்கென்ன?" என்கிறார் என் கணவர். அவர் இந்தப் பத்திரிகையில் விளம்பரங்களை மட்டுமே பார்ப்பவர். ஆகையால் துணிந்து எழுதுகிறேன். படிக்கும் தாய்மார்களே, என் மகளின் முனகலை என்னைவிட முன்னால் கேட்ட காது அது. அதை ஊரெல்லாம் செவிடென்று சொல்ல, நான் சும்மா இருக்கலாமா? வேறு மேஸ்திரி வந்து சேருவதற்குள், என்ன செய்யலாமென்று ஒரு வரி எழுதுங்கள்.