போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன புளிச்சக்கீரை

பக்கெட்டைத் தவிர இந்த உலகத்தில் வேறு எதையும் முழுதாக நம்பாத மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். டாக்டர், வானிலை அறிக்கை, எங்கள் கம்பெனி மேனேஜர் என்று எல்லோர் மீதும் அவருக்குச் சந்தேகம் உண்டு. காலி பெயின்ட் பக்கெட்டைப் பார்த்தால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். சைட்டில் பெயின்ட் அடிப்பவர்கள் கடைசி கோட் அடித்து முடிப்பதற்குள் அங்கே போய் நின்றுகொள்வார். துபாய் கராமாவில் எங்கள் பேச்சிலர் ஃபிளாட்டில் மூன்று வருடம் இருந்தார். பாஸ்போர்ட்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் பக்கெட்டார்.

ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வேலை பிளம்பிங் ஃபோர்மேன். எல்லோருக்கும் மரியாதை கொடுத்துப் பேசுவார். எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். சமையலறைக் கரப்பான்பூச்சியை விளக்குமாறால் தள்ளும்போதுகூட, "அந்தப் பக்கம் போயிருங்க" என்றுதான் சொல்வார்.

ஃபிளாட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், ஜாபர் பாய். ஜாபர் பாய் கீழக்கரைக்காரர், தேரா பஜாரில் மசாலாக் கடை. நான் திருச்சிக்காரன். பக்கெட்டாரின் கம்பெனியிலேயே ஆபீசில் டிராயிங்குகளை அடுக்கி வைக்கும் உத்தியோகம். சமையல் முறை வைத்துத்தான். ஆனால் பக்கெட்டாருக்கு இந்த ஊர்க் கீரை பிடிக்கவில்லை. "பிளாஸ்டிக் கவர்ல மூச்சு முட்டிச் செத்த கீரைங்க தம்பி இது" என்பார். எனவே பால்கனியில் தானே விவசாயம் செய்வதென்று முடிவெடுத்தார்.

முறை எளிமையானது. பக்கெட்டின் பக்கவாட்டில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓர் ஓட்டை. அடியில் ஜல்லி, அதற்கு மேல் தேங்காய் நார்த்தூள். மண் கிடையாது. மேலே தண்ணீர் ஊற்றினால் அதிகமானது ஓட்டை வழியே வெளியேறிவிடும். ஓட்டைக்குக் கீழே இருப்பது அங்கேயே நிற்கும். வேர் கீழே இறங்கி, வேண்டும்போது குடித்துக்கொள்ளும். மோட்டார் வேண்டாம், குழாய் வேண்டாம்.

"ஓட்டை கீழ போனா செடி காஞ்சு போகும். மேல போனா அழுகிப் போகும். நாலு விரல்ல இருந்துச்சுன்னா நீங்க லீவுல போனாலும் செடி உங்களைத் தேடாதுங்க."

"நம்மளத் தேடாத செடி நமக்கெதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பொள்ளாச்சி முழுவதும் வருத்தப்பட்டது.

நார்த்தூளைச் செடிக் கடையில் வாங்கி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. செங்கல் போல அழுத்திய கட்டி. மேலே பளபளவென்று ஐரோப்பியப் படம். உள்ளே இருந்தது அவர் ஊர்ச் சரக்கு. "எங்கூர்ல தேங்கா மஞ்சி மில்லுக்குப் பொறத்தால மலை மாதிரி கெடக்குமுங்க. மாடு மிதிச்சுட்டுப் போகும். அது எனக்கு முன்னாலயே பாஸ்போர்ட் எடுத்து, வெளிநாடெல்லாம் சுத்திட்டு இங்க வந்து உக்காந்திருக்குது!"

அந்தக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பு போகக் கழுவ வேண்டும். எங்கள் பழைய ஃபிளாட்டில் யாரும் பயன்படுத்தாத ஒரு பாத்டப் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் கட்டியை அதில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, டீ குடிக்கப் போனார். காய்ந்த நார்த்தூள் தண்ணீரைக் கண்டால் எவ்வளவு வீங்கும் என்பது எனக்கும் ஜாபர் பாய்க்கும் தெரியாது. ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்கப் போன ஜாபர் பாயின் அலறல் கேட்டு ஓடினேன். பாத்டப் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு குன்று எழுந்திருந்தது. அதன் அடிவாரத்தில் கணுக்கால் அளவு காப்பி நிறத் தண்ணீரில், துண்டோடு ஜாபர் பாய்.

"யா அல்லா, என்னப்பா இது? பாத்ரூமுக்குள்ள பாலைவனம் வந்துருச்சு!"

பக்கெட்டார் வந்து எட்டிப் பார்த்து, "நல்ல சரக்குங்க, அருமையா உப்பியிருக்குது" என்றார்.

அடுத்த வாரம் ஜாபர் பாய் குளிக்கப் பக்கெட்டை நிரப்பினார். நாலு விரலுக்கு மேல் நிரம்பவில்லை. சிறிது நேரம் குழாயைத் திட்டினார். பிறகுதான் காலில் தண்ணீர் பீய்ச்சுவதைக் கவனித்தார். கடைசிப் பக்கெட்டுக்கு டிரில் போடும்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை என்று பக்கெட்டார் ஒப்புக்கொண்டார். ஜாபர் பாய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கெட்டில் வெண்டைக்காய் நட்டதைக் காட்டி, "இது உங்க பேருல வளருதுங்க பாய்" என்றதும் சமாதானமாகிவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கெட்டுகள் காய்த்தன. ருவைஸ் சைட்டுக்குப் பத்து நாள் போய் வந்தார், ஓர் இலைகூட வாடவில்லை. தக்காளி வந்தது, மிளகாய் வந்தது. பிறகு ஊரிலிருந்து விதை வரவழைத்துப் புளிச்சக்கீரை போட்டார். ஆறு பக்கெட். அது ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் கடைந்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் போடுவார். நானும் ஜாபர் பாயும் அன்று வேறு குழம்பைத் திரும்பியும் பார்க்க மாட்டோம்.

அந்தச் செடியில் ஒரே ஒரு குறை. அதன் இலை ஒரு கையை விரித்தது போல ஐந்தாறு விரலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லோடு இருக்கும். கஞ்சா இலையைப் படத்தில் பார்த்தவர் யாராக இருந்தாலும் ஒரு நொடி நின்றுவிடுவார். இந்த நாட்டில் அந்த இலைக்கு என்ன தண்டனை என்பதை விமானத்திலிருந்து இறங்கும்போதே எல்லோரும் தெரிந்துகொண்டு இறங்குகிறோம்.

ஒரு சனிக்கிழமை காலை பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. எதிர் பால்கனியிலிருந்து எடுத்தது. எங்கள் ஆறு பக்கெட்டையும் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வார்த்தை இல்லை, கேள்விக்குறிகள் மட்டும். கால் மணி நேரத்தில் வாட்ச்மேன் கான் மேலே வந்தார். பெஷாவர்காரர். எங்கள் கதவுக்கு வெளியிலேயே நின்று, ஒரு காலை லிஃப்ட்டுக்குள் வைத்தபடி, "பாய், அதை ஜல்தி எடுத்துடுங்க. நான் இங்க வரவே இல்ல" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜாபர் பாய் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். "பிடுங்கி டாய்லெட்டுல போட்டுத் தண்ணி விட்டுருவோம். கலாஸ், கதை முடிஞ்சுது!"

"அப்பறம் அடைச்சுக்கும். நான்தானுங்க திறக்கோணும்" என்றார் பக்கெட்டார். அது தொழில் ரீதியான கவலை.

"மூட்டை கட்டிக் குப்பையில போடுங்கண்ணே" என்றேன். அந்த மாதம்தான் என் மனைவிக்கும் குழந்தைக்கும் விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். பாலக்காட்டுக்காரர் ஒருவரின் ஒரு ரூம் ஃபிளாட்டுக்குப் பேசியும் வைத்திருந்தேன். "கெஞ்சிக் கேக்குறேன். கீரைதானே, போனாப் போகுது."

அவர் நிதானமாகச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். "தம்பி, லிஃப்ட்டுல கேமரா இருக்குது. குப்பைத்தொட்டிக்கு மேலயும் கேமரா இருக்குது. மூணு ஆம்பளைங்க மூட்டையில பச்சை எலையக் கொண்டு போயி வீசறது அதுல தெரிஞ்சா, அப்பறம் கீரைன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?"

"வேற என்ன பண்றது?"

"போலீஸ்காரங்க வந்து கேக்கறதுக்கு முன்னால நாமளே ஸ்டேஷனுக்குப் போயிக் காட்டிட்டு வந்தரலாம்."

இருப்பதிலேயே உயரமான செடியைப் பக்கெட்டோடு தூக்கிக்கொண்டார். போர்வையால் மூடலாம் என்று கெஞ்சினேன். "மூடுனாத்தானுங்க திருட்டு" என்றார். ஜாபர் பாய் தேராவில் கடை திறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். முதல் டாக்ஸி நின்றது, டிரைவர் செடியைப் பார்த்தார், டாக்ஸி போய்விட்டது. இரண்டாவது டாக்ஸி நிற்கவே இல்லை. செப்டம்பர் வெயிலில் இருபது நிமிடம் நடந்தோம். எதிரே வந்தவர்கள் எல்லோரும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். நான் அவருக்குப் பத்தடி பின்னால், அவரைத் தெரியாதவன் போல நடந்தேன். இதை எழுதுவதில் எனக்குப் பெருமை இல்லை.

ஸ்டேஷன் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் என் திட்டம். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் வராது. உள்ளே போனேன்.

கவுன்டரில் இளம் அதிகாரி. பக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி பக்கெட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

"இது என்ன?"

"வெஜிடபிள், சார்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார். பிறகு யோசித்து, "ஆனால் யாரும் இங்கே கொண்டு வந்து சொன்னதில்லை" என்றார்.

எங்கள் ஐடியையும் போனையும் வாங்கிக்கொண்டு உட்கார வைத்தார்கள். பளிங்குத் தரையில் பக்கெட் ஓட்டை வழியே தண்ணீர் சொட்டியது. தண்ணீர் ஏன் வருகிறது என்று அதிகாரி கேட்டது அவர் செய்த ஒரே தவறு. பக்கெட்டார் எழுந்து, தன் இந்தியில், நாலு விரலைக் காட்டி, முழு விளக்கம் கொடுத்தார். கடைசியில், சந்தேகம் இருந்தால் இப்போதே ஒரு பிடி பச்சையாகத் தின்று காட்டுகிறேன் என்று இலையில் கை வைத்தார்.

"நோ!" நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அது கீரையாக இல்லாவிட்டால், தின்றதும் தனிக் குற்றம் என்று எனக்கு விளக்கப்பட்டது.

பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"உன் நண்பரின் பெயர் என்ன?"

மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். பெயர் வரவில்லை. "பக்கெட், சார்" என்றேன். அதிகாரி எழுதவில்லை. ஐடியைப் பார்த்துக்கொண்டார்.

"அவர் இதை வளர்ப்பது உனக்கு முன்பே தெரியுமா?"

மரியாதையாகத்தான் கேட்டார். தெரியாது, ஆபீசிலிருந்து வந்தால் தூங்கிவிடுவேன், பால்கனிப் பக்கம் போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. விசா விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்கு அப்பால் பக்கெட்டார், செடியில் வெயில் படாமல் பக்கெட்டை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார். வெள்ளிக்கிழமை தோறும் நானும் சாப்பிடுகிறேன்" என்றேன்.

மதியத்துக்கு மேல் லேபிலிருந்து ஓர் அம்மா வந்தார். சூடான் நாட்டுக்காரர். இலையைக் கசக்கினார், முகர்ந்தார், தண்டை நகத்தால் கீறினார். பூ இருக்கிறதா என்று கேட்டார். காலையில் ஒன்று பூத்து, வெயிலுக்குச் சுருங்கிவிட்டிருந்தது. அதை மெல்லப் பிரித்தார். வெளிர் மஞ்சள் இதழ், நடுவே அடர் சிவப்பு. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"கர்கதே!" என்றார். அரபுக்காரர்கள் குடிக்கும் அந்தச் சிவப்புப் புளிப்புச் சர்பத் செடிக்கு இது தங்கை முறை என்று அதிகாரிகளுக்கு விளக்கினார். அவர் ஊரிலும் உண்டாம். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இளம் அதிகாரியும் ஒன்றைக் கடித்தார். முகம் எலுமிச்சை பிழிந்தது போலானது.

ஐடியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிகாரி பக்கெட்டாரின் தோளைத் தட்டி, "அடுத்த முறை போட்டோ மட்டும் கொண்டு வா" என்றார்.

வெளியே வந்தால், எதிர் நடைபாதையில் சட்டை நனைந்து ஒட்ட ஜாபர் பாய் நின்றுகொண்டிருந்தார். கடை திறக்கவே இல்லை. காலையிலிருந்து அங்கேதான் துஆ ஓதிக்கொண்டு நின்றிருக்கிறார். எங்களைக் கண்டதும் ஓடி வந்து, பக்கெட்டைத் தான் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பக்கெட்டார் கீரை கடைந்து, படம் போட்ட எதிர் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் காலி டப்பாவோடு அவர்களே வந்து விதை கேட்டார்கள்.

பிறகு கம்பெனி அவரை மஸ்கட் சைட்டுக்கு மாற்றியது. விசா வந்து, நான் குடும்பத்தோடு வேறு ஃபிளாட்டுக்குப் போனேன். மஸ்கட் போகும்போது பக்கெட்டார் எனக்கு ஒரு புளிச்சக்கீரைப் பக்கெட் கொடுத்தார். முதல் கோடையிலேயே செடியைக் காயவிட்டேன். இதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் "செடி எப்படி இருக்குதுங்க?" என்று மெசேஜ் வரும். ஹைப்பர்மார்க்கெட்டில் ஒரு கட்டு புளிச்சக்கீரை வாங்கி, படமெடுத்து அனுப்புவேன்.

போன வாரம் அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், கட்டைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டும் விலைச் சீட்டும் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. பயந்துகொண்டே பதிலைப் பார்த்தேன்.

"அருமையா வளத்தியிருக்கீங்க தம்பி" என்று போட்டிருந்தார்.