கிணற்று ஸ்டாப்பில் இறங்கு, கிணற்றைத் தேடாதே

கோவில்பதாகை, ஆவடி.
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள கமலம் அக்காவுக்குத் தம்பி ஜெயராமன் வணங்கி எழுதியது. இங்கே நானும் சாவித்திரியும் மாத்திரைகளின் தயவில் நலம். குடியாத்தத்தில் உன் முழங்காலும் அத்தானுடைய இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

போன வாரம் நீ போன் செய்து, "மாசி மாசம் திருவேற்காட்ல உங்க அத்தானோட அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். அங்கருந்து உன் வீட்டுக்கு எப்படி வர்றதுன்னு எழுதி அனுப்பு. வாயால சொல்லாத, நீ வாயால சொல்ற வழி எனக்குத் தெரியும்" என்றாய். கிரகப்பிரவேசத்தன்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனவள், மூன்று வருஷம் கழித்து வருகிறேன் என்கிறாய். கோர்ட்டில் கூண்டில் நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் பொய் இருக்காது.

அக்கா, இந்தப் பக்கத்தில் எவனாவது பத்து நிமிஷம் என்று சொன்னால் நம்பாதே. எனக்கு இந்த மனையை விற்றவன் அம்பத்தூர் எஸ்டேட் பத்து நிமிஷம், பூந்தமல்லி பத்து நிமிஷம், முகப்பேர் பத்து நிமிஷம் என்றான். எல்லாத் திசையிலும் பத்து நிமிஷம் என்றால் ஊருக்கு நட்டநடுவில் வாங்குகிறோம் என்று நினைத்துவிட்டேன். வீடு கட்டிக் குடிவந்த மறுநாளிலிருந்து தினமும் ஒன்றே கால் மணி நேரம் போய், ஒன்றே கால் மணி நேரம் திரும்பி வந்தேன். போல்ட் கம்பெனியில் ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான். ஆனால் யார் கேட்டாலும் பத்து நிமிஷம் என்றே சொன்னேன். இவ்வளவு தூரத்தில் வந்து வீடு கட்டிவிட்டோமே என்கிற துக்கத்தை வேறு எப்படிச் சொல்லுவது? இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இனி வழி. திருவேற்காட்டில் கல்யாணச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் கோயில் பக்கம் ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னாக்கா, ஆவடியா? குந்து, பத்து நிமிசத்துல உட்டுடறேன்" என்பார். குந்தாதே. பூந்தமல்லிக்குப் போகிற ஷேர் வேன் வரும், அதில் ஏறு. உன் மடியில் ஒரு குழந்தை உட்காரும், அது யாருடையது என்று விசாரிக்காதே, இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். பூந்தமல்லியில் ஆவடி பஸ் எப்போது வரும் என்று அங்கே கடை வைத்திருப்பவரைக் கேட்டால் இப்பத்தான் போச்சு என்பார், எப்போது கேட்டாலும் அதுதான் பதில். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வராதே, ஃபேக்டரி விடுகிற நேரம், நிற்க இடம் இருக்காது. ரோடு தோண்டியிருக்கும். போன மாசம் குழாய் பதிப்பதற்காகத் தோண்டினார்கள், இந்த மாசம் பதித்ததைப் பார்ப்பதற்காகத் தோண்டுகிறார்கள், நீ மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திரு.

ஆவடியில் இறங்கி எங்கள் பக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. "ஆள் ரொம்பினா எடுத்துருவேன்" என்பான். உனக்கும் எனக்கும் ரொம்பினது என்பது ஐந்து பேர். அவன் கணக்கே வேறு. கிணற்று ஸ்டாப் என்று சொல்லி இறங்கு, ஆனால் கிணற்றைத் தேடாதே. அதை மூடிப் பதினைந்து வருஷமாச்சு, இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. இந்த ஊரில் இல்லாததை வைத்துத்தான் வழி சொல்லுவோம். கிரகப்பிரவேசத்தன்று நான் உனக்கு அதைச் சொல்லவில்லை. நீ வெயிலில் நின்று கிணறு எங்கே கிணறு எங்கே என்று கேட்க, எல்லாரும் செல்போன் கடையைக் காட்ட, கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்து நீ வந்த வழியே திரும்பி நடந்திருக்கிறாய். அது முழுக்க என் தப்புத்தான்.

அந்த நாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். புது வீட்டில் கூடப்பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம், எனக்கு நீ ஒருத்திதான் கூடப்பிறந்தவள். அதற்காகவே புதுப் பித்தளைப் பானை வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, நீ விடியற்காலை பஸ் ஏறினாய். பூந்தமல்லியில் இறங்கு, அங்கிருந்து பத்து நிமிஷம் என்று சொன்னவன் நான். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. பூஜைக்கு வந்த அய்யருக்கு முகப்பேரில் இன்னொரு கிரகப்பிரவேசம், காலில் வெந்நீர் கொட்டினவர் மாதிரி நின்றார். நான்தான் பத்து மணி வரைக்கும் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் பிடித்து வைத்திருந்தேன், வேண்டுமானால் சாவித்திரியையே கேள். அதற்குமேல் முடியாமல் அவள் தங்கை புஷ்பாவைப் பால் வைக்கச் சொன்னேன். நீ பானையோடு உள்ளே நுழைந்தபோது, "இப்பத்தாங்கா பொங்குச்சு, ஒரு பத்து நிமிஷம்தான்" என்று சொன்னேன். பானையை மேடையில் வைத்தாய், தண்ணீர் குடித்தாய், அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். கோபம் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசம் அத்தான் பேசும்போதுதான் தெரிந்தது. "கோவம் இல்லப்பா. ஆவடியில இறங்கிப் பத்து நிமிஷம் பூ வாங்க நின்னாளாம். அந்தப் பத்து நிமிஷத்தாலதான் பால் தவறிப்போச்சுன்னு இன்னிக்கும் சொல்றா. தெருவுல பூக்காரி வந்தா உள்ள போய்ப் படுத்துக்கறா" என்றார். அக்கா, நடந்தது நடந்துவிட்டது. பூவுக்கு ஆசைப்படுவது ஒரு குற்றமா? நான் அதை என்றைக்கோ மறந்துவிட்டேன், மனதில் துளியும் வைத்துக்கொள்ளவில்லை. நீயும் மறந்துவிடு.

உன் பானை அதே மஞ்சள் துணியில் அப்படியே இருக்கிறது. சாவித்திரி அதில் ஒரு டம்ளர் பால்கூடக் காய்ச்ச விடவில்லை. "அது அண்ணி கையால ஏத்த வேண்டியது" என்பாள். வீட்டுக்கு மூன்று வயசாகிவிட்டது, இனி நல்ல நேரம் எதற்கு? நீ வருகிற நேரம் போதும்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். உன் முழங்காலுக்கு எந்தக் குறையும் வராமல் திருவேற்காட்டு அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். சாவித்திரி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

என்றும் உன் தம்பி,
ஜெயராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் சாவித்திரி இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "என்னைக் கேளுன்னு எழுதியிருக்கீங்களே, கேட்டா நான் என்னங்க சொல்றது? நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் எழுதுகிறேன். நான் பத்து மணி வரை பிடித்து வைக்கவில்லை. அய்யர் அவசரப்பட்டார், மச்சினி வீட்டுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒன்பது ஐந்துக்கெல்லாம் பால் பொங்கிவிட்டது. தீப்பெட்டியைப் புஷ்பா கையில் கொடுத்தவனே நான்தான். ஒன்பதரைக்கு நீ ஆவடியிலிருந்து போன் செய்து, "பால் வெச்சிட்டியாடா?" என்று கேட்டாயே, அப்போது நான் வாயில் கேசரியோடு, "இன்னும் இல்லக்கா, உனக்காகத்தான் நிக்குது" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் நீ பூக்கடையில் நின்றிருக்கிறாய். நீ அங்கே ஒரு முழம் வாங்கினாலும் ஒரு கூடை வாங்கினாலும் ஒன்றும் தவறியிருக்காது அக்கா, தவறி அரை மணி ஆகியிருந்தது.

மேலே எழுதின வழியைக் கிழித்துப் போடு. மண்டபம் எது என்று மட்டும் சொல், காலையிலேயே வந்து வாசலில் நிற்கிறேன். ஆவடியில் இறங்கிப் பூ வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறோம். எவ்வளவு நேரமானாலும் நின்று வாங்கு.