ரிட்டயர்டு மாப்பிள்ளை விஷயமாக மச்சானுக்கு

கொட்டச்சேடு,
ஏற்காடு மலை.
ஆடி 25, 1998

பெரிய மனசுள்ள மச்சான் காளியண்ணன் அவர்களுக்கு,

எஸ்டேட் ரைட்டர் மாதேஸ்வரன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை அருக்காணியும் மாரியாத்தா புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஞானசுந்தரம் வாத்தியாருக்கு மட்டும் நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டிருக்கிறது, அந்த விவரம் கீழே வரும். அங்கே நீங்களும், வீட்டில் எல்லோரும், சித்தனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

முந்தாநாள் சேலம் பஸ் கண்டக்டர் ஒண்டிக்கடையில் இறங்கி, ஊரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில், நீங்கள் சொல்லியனுப்பியதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்துவிட்டார். “ஏனுங்க ரைட்டரே, ரிட்டயர்டு ஆனவனுக்குப் பொண்ணு குடுக்கறவன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு உங்க மச்சான் சொல்லச் சொன்னாருங்க” என்றார். டீ என் மூக்கு வழியாக வந்தது. மச்சான், மாப்பிள்ளை ரிட்டயர்டு என்பது உண்மை. ஆனால் நீங்கள் நினைப்பது போல அவர் உங்கள் வயதுக்காரர் இல்லை. அவருக்கு முப்பத்துநாலு. அந்தத் தொழிலில் முப்பத்துநாலில் அனுப்பிவிடுவார்களாம். நம் பக்கத்தில் முப்பத்துநாலு வயதில் பாதிப் பேர் இன்னும் வேலைக்கே மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர் அதற்குள் ஒரு உத்தியோகத்தை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டார், இதில் என்ன இளப்பம்? உங்கள் பையன் சித்தனுக்கு உரிமைப் பெண் என்று நீங்கள் ஆத்திரப்படுவதும் நியாயம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் போன பொங்கலுக்கு சித்தனைத் தனியாகக் கூப்பிட்டு, நம் ஜெயகுமாரியைக் கட்டிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற ஊரிலேயே இருப்பாயா என்று கேட்டேன். “ஆஸ்திரேலியாவா? மாமா, எனக்கு உங்க ஊட்டுக்கு வர்றதுக்குள்ளயே மூணாவது கொண்டை ஊசி வளைவுல வாந்தி வந்துருதுங்க” என்று அவன் வாயாலேயே சொன்னான்.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். ஆடி பதிமூணாம் தேதி சாயங்கால பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார், அவ்வளவு உயரம். ஆறடி எட்டங்குலம். ரெண்டு கையிலும் தட்டு. ஒன்றில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள். இன்னொன்றில் மல்லிகைப்பூ, அரக்கு நிறத்தில் சேலை, கண்ணாடி வளையல். அந்த ரெண்டையும் சேலத்திலிருந்து மடியில் வைத்து, இருபது வளைவிலும் ஒரு பாக்குகூடச் சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறார். சட்டைப்பையில் ஜெயகுமாரி எழுதிய கடிதம். ‘அப்பா, இவர் பேர் க்ளென். எங்கள் எலும்பு ஆஸ்பத்திரியில் ரெண்டு மூட்டும் ஆபரேஷன் செய்துகொண்டவர். ரொம்ப நல்ல மனுஷர். மலைக்காற்றில் கொஞ்ச நாள் இருக்கட்டும். நம் வீட்டு மனுஷராக நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று இருந்தது. நம் வீட்டு மனுஷர் என்று பெண்பிள்ளை எழுதி, கையில் தட்டோடும் அனுப்பினால் பெற்றவனுக்குப் புரியாதா? ஆடி மாதத்தில் எவனாவது பெண் கேட்டு வருவானா என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். அவர்கள் ஊரில் இப்போது குளிர்காலமாம், அங்கே ஆடி எப்போது வருகிறதோ யார் கண்டது.

அவர் நிலைப்படியில் நங்கென்று இடித்துக்கொண்டு, குனிந்து, தட்டை நீட்டினார். உங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எங்கொழந்தைக்கு வேளை வந்துருச்சுங்க” என்று முந்தானையை ஏந்தி வாங்கிவிட்டாள். வாங்கின தட்டைத் திருப்பினால் நம் பக்கத்தில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெயகுமாரியைக் கேட்கலாம் என்றால், மழையில் மரம் சாய்ந்து ஆடி பத்திலிருந்து மலை முழுக்கப் போன் செத்துக் கிடக்கிறது. அதனால் ஞானசுந்தரம் வாத்தியாரைக் கூட்டி வந்தேன். நாற்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவர், அஞ்சடி இருப்பார். வாத்தியார் கேட்ட முதல் கேள்வி, பெண்ணைப் பிடித்திருக்கிறதா. அதற்கு அவர் சொன்ன பதிலை வாத்தியார் தமிழில் சொன்னபோது, உங்கள் தங்கை அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அழுதாள். “அந்தப் பெண் இல்லாவிடில் இன்று நான் எழுந்து நடந்திருக்கவே மாட்டேன்.” மச்சான், இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளை என்ன சொல்ல வேண்டும்? நான் அருக்காணியைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, இதில் பாதிகூட நான் சொன்னதில்லை, அவள் அன்றிலிருந்து அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

இனி அவர் உத்தியோகம். அவர்கள் ஊரில் ஒரு ஃபுட்பால் உண்டு. பந்து உருண்டை கிடையாது, பப்பாளிப்பழம் மாதிரி. காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தலாம், இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. நடுவர் மைதானத்தின் நடுவில் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பாராம். அது பனைமர உயரத்துக்குப் போகும். அந்தப் பக்கம் ஒரு நெட்டையன், இந்தப் பக்கம் ஒரு நெட்டையன், ரெண்டு பேரும் ஓடி வந்து எகிறுவார்கள். அந்த நெட்டையனுக்கு ரக்மேன் என்று பேர். எகிறி, பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்றால், அது அவர் வேலை இல்லையாம். கீழே சுற்றிக்கொண்டிருக்கும் குள்ளமான ஆள் கைக்குத் தட்டிவிட வேண்டும். குள்ளன் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான், ஜனங்கள் குள்ளன் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். இவர் விழுந்த இடத்திலிருந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்த பந்துக்குப் போய் நிற்க வேண்டும். வாத்தியார் இதை “அன்னார் வானில் எழுந்த பந்தைத் தமக்கென வையாது பிறர்க்கு ஈந்தவர்” என்று மொழிபெயர்த்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. “அப்படின்னா சொந்தமா எத்தனை கோல் போட்டாருங்க?” என்று கேட்டேன். பதினாலு வருஷத்தில் பத்தொன்பது. அதில் ரெண்டு, பந்து இவர் மேல் பட்டு அதுவாகப் போனது என்று அவரே ஒத்துக்கொண்டார். வாரத்தில் ஆறு நாள் கோதுமை லாரி ஓட்டி, ஒரு நாள் இந்த எகிறல். அந்தச் சின்ன ஊரில் இவரை விட உயரமாக இருந்தது தண்ணீர்த் தொட்டி ஒன்றுதானாம்.

ஆல்பமும் கொண்டுவந்திருக்கிறார். நானும் அருக்காணியும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தோம். எல்லாப் போட்டோவிலும் தூக்கிய கையும் அக்குளும்தான் தெரிகிறது. முகம் தெரிகிற போட்டோ ஒன்றே ஒன்று, அதில் முன்பல் இல்லை. கடைசி ஆட்டத்தைப் பற்றியும் சொன்னார். ரெண்டு பாயின்ட் கம்மி, முடிய அரை நிமிஷம், பந்து இவர் கையில், கோல் இருபது தப்படி. இவர் பக்கத்தில் ஓடி வந்த குள்ளனிடம் கொடுத்துவிட்டார். அவன் உதைத்தது கம்பத்தில் பட்டுவிட்டது. அந்த ஆட்டத்தில் கோலுக்கு ஆறு பாயின்ட், தவறிக் கம்பத்தில் பட்டாலும் பக்கத்தில் போனாலும் ஒரு பாயின்ட் உண்டாம். தப்பாக அடித்தவனுக்கும் பாயின்ட் கொடுக்கிற ஒரு ஆட்டம் உலகத்தில் இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு அந்தத் தேசத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்தது. ஒரு பாயின்டில் தோற்றார்கள். “நீங்களே அடிச்சிருந்தா?” என்று கேட்டேன். “நான் உதைத்தால் பந்து எங்கே போகும் என்று அந்த ஊர் மாடுகளுக்குக்கூடத் தெரியும்” என்றார். அந்தக் குள்ளனைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. எல்லாம் சரி மச்சான், பதினாலு வருஷம் இப்படி விழுந்து எழுந்து என்னதான் மிச்சம் என்றால், பென்ஷன் கிடையாது, பேர் பொறித்த ஒரு பலகை, ரெண்டு பிளாஸ்டிக் மூட்டு. அன்றைக்கு எனக்கே மனசு விட்டுப் போயிற்று. தனக்கென்று ஒன்றை இறுக்கிப் பிடிக்கத் தெரியாத ஆளை நம்பிப் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள்தான் பலாப்பழம். ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் மூக்கன் ஏறிக் காம்பை வெட்டிவிட்டு, “உழுது, உழுது! எல்லாரும் தள்ளிக்கங்க!” என்று கத்தினான். எல்லோரும் தள்ளிக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ஓடி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மேலேயிருந்து ஒன்று வருவதுதான் தெரியும். புது மூட்டு என்றுகூடப் பார்க்காமல் ஒரு எகிறு எகிறி, இருபது கிலோ பழத்தைப் பதமாக, எவ்வளவு பதமாக என்றால், அங்கே இருந்ததிலேயே குள்ளமான ஆள் நெஞ்சுக்குத் தட்டிவிட்டார். வாத்தியார் வாங்கிக்கொண்டார். ஓட மட்டும் இல்லை. ரெண்டு விலா எலும்பில் கீறல் என்று டாக்டர் சொல்லிவிட்டார், பேசினால் வலிக்கிறது, அதனால் அன்றிலிருந்து எங்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லை. மாப்பிள்ளை தினமும் போய் வாத்தியார் கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறார். எங்களிடம் சைகைதான். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறார். ஆவணி நாலாம் தேதி நிச்சயம் வைக்கலாமா என்று கேட்டேன், அதற்கும் ஆட்டினார்.

என் மனசு திரும்பியது மாரியம்மன் நோன்பு அன்றைக்கு. தேர் நிலைக்கு வந்ததும் வாழைப்பழம் சூறை விடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா, லாரியில் மூட்டை ஏற்றுகிற தடிப்பசங்கள் முன்னால் நின்றுகொண்டு ஒன்று விடாமல் பிடித்துக்கொள்வார்கள், பின்னால் நிற்கிற பொம்பளைகளுக்குத் தோல்கூட வராது. பழம் மேலே போனதுதான் தாமதம், மாப்பிள்ளை எழும்பிவிட்டார். ஒவ்வொன்றாகத் தட்டினார், எல்லாம் பின்வரிசைக்கு, குள்ளமாக யார் நிற்கிறார்களோ அவர்கள் மடிக்கு. தடிப்பசங்கள் ஆளுக்கொரு பக்கம் அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினார்கள், சட்டை கிழிந்ததே தவிர ஒரு பழம் அவர்களுக்குப் போகவில்லை. காப்பிக்கொட்டை பொறுக்குகிற மாரியம்மாள் கிழவிக்கு மூணு பழம் விழுந்தது. “நாப்பது வருஷமா வாரனுங்க, இன்னிக்குத்தானுங்க ஆத்தா எனக்குன்னு குடுத்திருக்கறா” என்று அந்தம்மா பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. இவர் கையில் ஒன்றும் இல்லை. கிழிந்த சட்டையோடு நின்று அந்தக் கிழவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகளுக்கு இவரை விட நல்ல மனுஷனை நான் தேடினாலும் கிடைக்காது.

ஆகையினாலே கோபத்தை ஆறப்போட்டுவிட்டு ஆவணி நாலாம் தேதிக்கு அவசியம் வரவும். தாய்மாமன் தொட்டு எடுத்து வைக்காமல் அந்தத் தட்டுக்கு மரியாதை கிடையாது, நீங்கள் வராவிட்டால் நிச்சயம் இல்லை, அருக்காணி சாப்பிடமாட்டேன் என்கிறாள். கல்யாணத்துக்கோ நீங்கள் இல்லாமல் முடியவே முடியாது. பெண்ணை மணவறைக்குக் கூட்டி வருவது எப்போதும் தாய்மாமன் பொறுப்பு. இந்தக் கல்யாணத்தில் கூட்டி வந்தால் போதாது, தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். ஜெயகுமாரி நாலடி பதினோரு அங்குலம். மாலை அவர் இடுப்புக்குத்தான் எட்டும். உங்கள் தோள் ஒன்றுதான் நம் சொந்தத்தில் அந்தப் பாரம் தாங்கும்.

பெரியவர்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு. சித்தனுக்கு எங்கள் ஆசி, அவனுக்கும் சீக்கிரம் மலை ஏறாத இடத்தில் ஒரு பெண் அமையட்டும். சேர்வராயன் உங்கள் குடும்பத்தைக் குளிரக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
மா. மாதேஸ்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் ஒண்டிக்கடை போனுக்கு உயிர் வந்து, ஜெயகுமாரியிடமிருந்து போன் என்று ஆள் வந்து, ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் மாப்பிள்ளை இல்லை. ஆபரேஷன் ஆனவர், மலைக்காற்று வாங்க வந்தவர், அவ்வளவுதான். ஆறு மாதம் கையைப் பிடித்து நடக்கப் பழக்கினது ஜெயகுமாரி, அதைத்தான் வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறார். நம் பக்கம் ஒரு வீட்டுக்கு முதல்முதலாகப் போனால் என்ன வாங்கிப் போவது என்று சேலத்துக் கடைக்காரரைக் கேட்டிருக்கிறார், பெண் வீடா என்று அவர் கேட்க, இவர் வழக்கம்போலத் தலையாட்ட, அவர் முழு வரிசையும் கட்டிக் கொடுத்துவிட்டாராம், அன்றைக்கே சேலத்திலிருந்து ஜெயகுமாரிக்குப் போனில் சொல்லியிருக்கிறார். நான் தட்டு, நிச்சயம், ஆவணி நாலு என்று சொல்லச் சொல்ல, ஜெயகுமாரி சிரித்த சிரிப்பு கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. பிறகு நடுவில் சட்டென்று நின்றுவிட்டாள். லைன் போய்விட்டது என்று நினைத்து நான் அலோ அலோ என்று கத்தினேன். “இருக்கறேம்பா. தட்டைக் குடுக்கறப்ப அவரு மொகம் எப்படி இருந்துச்சு?” என்றாள். நல்லாத்தான் கண்ணு இருந்துச்சு என்றேன். “சரிப்பா, நீங்க அவருகிட்ட ஒண்ணும் சொல்லிறாதீங்க. ஞாயித்துக்கெழமை போன் போட்டு நானே கேட்டுக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

அதனால் மச்சான், நீங்கள் ஆவணி நாலுக்கு வர வேண்டாம். ஆனால் கோபத்தை மட்டும் ஞாயிறு வரைக்கும் ஆறவிட்டுவிடாதீர்கள், வேண்டியிருக்கும் போலத் தெரிகிறது.